கத்தட்டும் கதவு

என் அண்ணி பதினோரு வருடமாக ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் பூச்சு அறையில் கண்ணாடித் தகடுகளைத் தொட்டியில் முக்கி எடுக்கிறாள். முக்குவதற்கு முன் ஒவ்வொரு தகட்டிலும் 'ஹா' என்று ஒரு மூச்சு விடுவாள். ஆவி சீராகப் படிந்து சீராக மறைந்தால் தகடு சுத்தம். திட்டாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும். அதனால் அவளுக்குப் பெயரே 'மூச்சக்கா'. அடுத்த அறையில் தகடுகளைத் தாள் வைத்து அடுக்குவது என் வேலை.

தொட்டியில் இருப்பது பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். அதற்குள் மணலின் அதே சரக்கு, மணலைவிடப் பல்லாயிரம் மடங்கு பொடியாக மிதக்கிறது. அந்தப் பொடியைக் கண்ணாடியோடு பிடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் பசையும் உண்டு. தகடு மேலே வருவதே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவாக எழும். ஓவனில் சுட்டு எடுத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது படியாமல் முத்தாக உருண்டு ஓடிவிடும். போன தடமே இருக்காது. முதல் நாள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தவள் நான். இன்னும் பழகவில்லை.

போன மாதம் தகடுகளில் ஊசி குத்தியதுபோல் குழிகள் வந்தன. மூன்று தொகுதி வீண். கரைசலை மாற்றினார்கள், கழுவும் தண்ணீரை மாற்றினார்கள். பலனில்லை.

"நாலாவதும் போச்சுன்னா இந்த ரூமையே மூடிடுவாங்க மூச்சக்கா. உங்கள பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க," என்றார் கரைசலைக் கலக்கும் கெமிஸ்ட்.

"அங்கயாவது இஷ்டத்துக்கு மூச்சு விடலாம்ல சார்?" என்று அண்ணி சிரித்தாள். ஆனால் ஏற்கெனவே ஊதிப் பார்த்த தகட்டையே மறுபடி ஊதிப் பார்த்தாள்.

கழித்த தகடுகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன். முக்கும்போது எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொன்றின் மூலையிலும் அண்ணி குறித்து வைப்பாள்.

"அண்ணி, குழியெல்லாம் ஒரு முகத்துலதான் இருக்கு."

"எந்தப் பக்கம்டி?"

"கதவுப் பக்கம்."

அண்ணி கதவைப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் திறந்தது. குனிந்து கீலைத் தொட்டாள்.

"ஐயோ, நான்தான்டி! யார் வந்தாலும் கிறீச்சுனு கத்தும், எனக்குத் தூக்கிவாரிப் போடும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற சிலிக்கோன் எண்ணெய் ஸ்ப்ரேய கொண்டாந்து கீல்ல ஒரே ஒரு தடவ அடிச்சேன்."

"யாருக்கும் தெரியாதே அண்ணி. துடைச்சிட்டுச் சும்மா இருந்துடலாம்." சொன்ன எனக்கே கூச்சமாக இருந்தது.

"துடைச்சா போற இடத்துலயா இருக்கு? சுவரெல்லாம் படிஞ்சிருக்கும். அந்த மனுஷன் பாவம், தொட்டியையே சந்தேகப்பட்டுட்டு இருக்கார்."

நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். கெமிஸ்ட் வந்து கதவை ஆட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஒரே அழுத்தா?"

"ஒரே அழுத்துதான் சார்."

"கண்ணுக்குத் தெரியாத எண்ணெய். அது பட்ட இடத்துல எல்லாம் பூச்சு ஒதுங்கிப் போயிருக்கு பாருங்க," என்றார். குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

கீலைக் கழற்றி எறிந்தார்கள். சுவர், கூரை, தொட்டி எல்லாவற்றையும் இரண்டு நாள் கழுவினோம். நான்காவது தொகுதியின் முதல் தகடு ஓவனிலிருந்து வந்து ஆறியது. அண்ணி ஒரு சொட்டு விட்டாள். உருண்டது. திருப்பி, கதவுப் பக்க முகத்திலும் விட்டாள். ஒரு குழியிலும் தடுக்காமல் ஓடி விளிம்பில் விழுந்தது. கெமிஸ்ட் அவளையே இன்னொரு சொட்டு விடச் சொன்னார்.

அப்போது யாரோ கதவைத் திறந்தார்கள். எண்ணெயே காணாத புதுக் கீல் ஊரைக் கூட்டியது. அண்ணி திரும்பவில்லை. அடுத்த தகட்டை எடுத்தாள்.

"கத்தட்டும்," என்று சொல்லி, 'ஹா' என்று மூச்சு விட்டாள்.