பாஸ்டர் கடையைத் தாண்டிப் போன அரிசிப் பை

எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில், வாரத்தில் ஆறு நாள் நான் மளிகைக் கடைக்காரன், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். இரண்டு இடத்திலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மெயின்லேண்ட் கப்பல் தாமதம் என்று கடைக்குச் சாக்குச் சொல்லலாம். சபைக்கு என்ன சொல்வது?

ஒருநாள் எங்கள் சபையின் ரோஸி அக்கா, வேறு கடையில் வாங்கிய அரிசிப் பையோடு, தலையைக் குனிந்தபடி என் கடையைத் தாண்டி மேடேறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மறித்தேன்.

"ஏன்க்கா, நம்ம கடை கண்ணுக்குத் தெரியலையா?"

பையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"கடைக்கு வந்தா சபைக்கு ஏன் வரலன்னு கேக்குறீங்க. சபைக்கு வந்தா கடைக்கு ஏன் வரலன்னு கேக்குறீங்க. இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் எங்கதான் போறது, பாஸ்டர்?"

வெங்காயம் நிறுத்துக்கொண்டே எத்தனை பேரை இப்படி விசாரித்திருக்கிறேன்!

என் மனைவி கடை வாசலில் முறைத்துக்கொண்டு நிற்க, போட்டிக் கடை அரிசியை அக்கா வீடு வரை நானே சுமந்தேன். "வர்ற ஞாயிற்றுக்கிழமை..." என்று வழியெல்லாம் நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டேன்.

அக்கா இன்னும் சபைக்கும் வரவில்லை, கடைக்கும் வரவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பையை என் கடைப் பெஞ்சில் இறக்கிவைத்து, நான் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மேடேறுகிறார்.