பல்லை அழிக்க மாட்டேன்

பர்மாவின் தாகேதாவில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு பனிநாட்டுச் சிலந்திகளை வரைவதுதான் என் பிழைப்பு. படிப்பைப் பாதியில் விட்ட என்னை நம்பி, வடக்கே ஒரு குளிர்தேசத்தில் சிலந்திப் புத்தகம் போடும் ஓர் அம்மாள் நுண்ணோக்கிப் படங்களை அனுப்புகிறார். கரண்டு இருக்கும்போது அவற்றை இறக்கிக்கொண்டு, போனபின் ஜன்னலோரம் வரைவேன்.

அரிசி நொய்யளவுதான் இருக்கும் அவை. பாசிக்குள் பாய் விரித்ததுபோல் வலை கட்டி, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும். ஆணுக்கு வாயருகே இரண்டு குட்டைக் கைகள். அவற்றின் நுனியை வைத்துத்தான் இன்ன இனம் என்று பிரிப்பார்கள். இடது கையை மட்டும் வரைவது இந்தத் தொழிலின் வழக்கம். அதனால் வலது கையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். எதையும் இரண்டு தடவை பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு சிலந்தியின் இடது கை நுனியில் சின்னதாக ஒரு பல் தெரிந்தது. பழைய புத்தகப் படங்களில் அது இல்லை. தூசியோ என்று வலது கையைப் பார்த்தேன். அங்கேயும் அதே இடத்தில் அதே பல். வரைந்து அனுப்பினேன்.

பல்லை எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. பழைய படங்கள் பனியிலேயே வாழ்ந்தவர்கள் வரைந்தவை, நீங்கள் பனியைப் பார்த்ததுகூட இல்லையே, மாற்ற முடியாதென்றால் மிச்சப் படங்களை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்ஸி ஓட்டும் அண்ணன் மத்தியானம் சாப்பிட வந்தபோது சொன்னேன்.

"ஒனக்கு எதுக்கு வம்பு? சயாமா சொல்ற மாதிரி வரஞ்சு குடுத்துட்டுப் போவியா!" என்றார். சயாமா என்றால் பர்மியப் பேச்சில் டீச்சரம்மா; படித்த பெண்மணி யாராயிருந்தாலும் அவருக்குச் சயாமாதான்.

"இருக்கறத இல்லேன்னு எப்பிடிண்ணே வரையிறது?"

"ஒரு எட்டுக்கால் பூச்சியோட பல்லுக்காக வேலைய விடுவியா?"

"விடுவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வேறு வேலை எதுவும் கையில் இல்லை. இருந்தாலும் அன்றே எழுதினேன்: "பனியை நான் பார்த்ததில்லை. இந்தச் சிலந்தியைப் பார்த்திருக்கிறேன், இரண்டு கைகளையும். பல்லை அழித்தால் என் பெயரையும் அழித்துவிடுங்கள்."

ஐந்தாம் நாள் பதில் வந்தது. மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததாகவும், பல் இருப்பதாகவும், ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்தே இத்தனை காலம் ஓடிவிட்டதாகவும் எழுதியிருந்தார். மிச்சத்தையும் நானே வரைய வேண்டுமாம். ஒப்பிட்டுக்கொள்ள உதவும் என்று அந்தச் சிலந்திகளின் பழைய புத்தகப் படங்களையும் இணைத்திருந்தார்.

நான் அவற்றைத் திறக்கவேயில்லை. சிலந்தியை மட்டும் அனுப்புங்கள் என்று பதில் போட்டேன்.