நாலாம் விசை

போன வெள்ளிக்கிழமை காலை, பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது கிண்ணியாவிலிருந்து தொலைபேசி வந்தது. ஒருகாலத்தில் என்னோடு வேலை செய்த ஜெஸீமாவின் கணவர். “சாந்தி, ஜெஸீமா மௌத்தாகிட்டா. விடிய எழும்பினவ, நெஞ்சு நோகுதெண்டா. அவ்வளவுதான்” என்றார். மாக்கையோடு கதிரையில் இருந்துவிட்டேன். முன்பு கிண்ணியாவுக்குப் படகில்தான் கடக்கவேண்டும், இப்போது பாலம் இருக்கிறது. அரை மணியில் போய்க் கடைசியாக முகம் பார்த்தேன். ஆனால் சொல்லவேண்டியதை அங்கேயும் சொல்லவில்லை. அந்த நாளில் ஒரே அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போர்க்காலத்தில், ஓர்ஸ் ஹில்லில் இடம்பெயர்ந்தோருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் அந்த அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே கணினி. காணாமல் போனோர் பற்றிய கடிதங்கள் ஜெஸீமாவுடையவை. இறந்தோர் பதிவுக்கான கடிதங்கள் என்னுடையவை. ஒரே வசனங்களைத் திரும்பத் திரும்ப அடித்துக் கை ஓய்ந்த நாளில், இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினால் முழுப் பந்தியும் வந்து விழும்படி செய்யலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கொன்ட்ரோல் விசையோடு ஒன்று முகவரிக்கு, இரண்டு இடம்பெயர்ந்த விவரத்துக்கு, நாலு காணாமல் போனவர் பற்றிய பந்திக்கு. பட்டியலை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். சேமிப்பதற்கும் ஒற்றை விசை வைத்தார். “கரண்ட் நமக்குச் சொல்லிப்போட்டா போகும்?” என்பார்.

“இவ்வளவு அவசரம் என்னத்துக்கு?” என்று ஒருநாள் சீண்டினேன். “விரலுக்கு மிச்சம் பிடிச்சாத்தான் அவங்கட கதையைக் கேக்க நேரம் கிடைக்கும்” என்றார். உண்மைதான். திரையைப் பார்க்காமல், முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியேதான் அவர் அடிப்பார். முடிந்ததும் முழுக் கடிதத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

எனக்கோ எரிச்சல். கைக்கு வாகான விசைகளையெல்லாம் கேளாமல் கொள்ளாமல் அவரே எடுத்துவிட்டார் என்று. ஒருநாள் மத்தியானம் அவர் தொழப் போயிருந்த நேரம், இறந்தவர் பற்றிய என்னுடைய பந்தியை நாலுக்குக் கொடுத்தேன். அந்த விசை ஏற்கெனவே வேறொன்றுக்கு இருக்கிறது என்று கணினி சின்ன எழுத்தில் காட்டியது. பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் ‘சரி’ என்று அமத்தினேன். வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தவள், சொல்ல மறந்தும் போனேன்.

அடுத்த நாள், ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து பாலையூற்றில் உறவினர் வீட்டில் இருந்த ஒரு பெண் வந்தார். மீனுக்குப் போன கணவர் திரும்பவில்லை, நாலு மாதம். ஜெஸீமா கேட்டார், அடித்தார், பிறகு வாசித்தார்: “எனது கணவர் இறந்துவிட்டபடியால்...”

அந்தப் பெண் எழும்பி மேசையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, அப்ப உங்களுக்குச் செய்தி வந்திட்டுதோ? எப்ப வந்தது? ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

ஜெஸீமா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். “இல்ல அக்கா, ஒரு செய்தியும் வரல்ல. என்ட பிழை. என்ட கைதான் பிசகிட்டு.” பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பிறகு பாலையூற்றுக்கு அவரோடு பஸ்ஸில் போய், வீட்டிலிருந்தவர்களிடமும் தன் வாயாலேயே பிழையைச் சொல்லிவிட்டு வந்தார். நான் அந்த அறையிலேயே இருந்தேன். வாய் திறக்கவில்லை. என் வேலை தற்காலிகம், அது போய்விடும் என்ற பயம்.

திரும்பி வந்து அவர் கேட்டது ஒன்றுதான். “அந்தக் கீ ஏற்கெனவே எடுபட்டிருக்கெண்டு கம்பியூட்டர் காட்டினதா, சாந்தி?”

“ஓம்” என்றேன்.

அவர் கணினியைத் திறந்து, நாலில் இருந்த என் பந்தியை எடுத்தார். தன்னுடையதைத் திரும்ப வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “நாலு சும்மா கிடக்கட்டும். இந்தக் கதையை இனி கையாலதான் அடிக்கிற” என்றார். “வாங்க, தேத்தண்ணி குடிப்பம்.”

நிர்வாகம் அவரைக் கடித மேசையிலிருந்து எடுத்து, மூன்று மாதம் பண்டகசாலையில் பாய் எண்ண விட்டது. “ஆளைக் கொன்ற ஜெஸீமா” என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார், என்னைக் காட்டிக்கொடுக்காமல். நண்பர்களே, நாலில் கை வைத்தவள் நான். இதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கவேண்டும். வெட்கங்கெட்டவள், சொல்லவில்லை.

மேசைக்குத் திரும்பிய பிறகு, காணாமல் போன ஒவ்வொருவரையும் அவர் கையாலேயே அடித்தார். வரிசை வாசல் வரை நின்றாலும் அடித்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வெறும் விசை. அதற்குப் பிறகு எந்தக் கணினி கைக்கு வந்தாலும், முதல் வேலையாக நாலில் உள்ளதை நீக்கிவிடுவேன். இந்தக் கட்டுரையையும் அப்படிப்பட்ட கணினியில்தான் எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதப் பார்த்த ‘ஜெஸீமா இறந்துவிட்டார்’ என்ற வரிக்கு, இத்தனை வருடம் கழித்தும் விரல் தானாக, அன்று இறப்புப் பந்தியை நான் வைத்த நாலுக்குப் போனது. ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.