‘இது என் இஞ்சின் இல்ல தம்பி’

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பாளையங்கோட்டையில் நடந்தது இது. எனக்குத் தச்சநல்லூரில் மோட்டார் பம்பு கடை. அது பிழைப்பு. பைத்தியம் வேறு. சின்ன மாடல் விமானங்களை நிஜமாகவே பறக்கவிடுவதற்கென்று அந்தக் காலத்தில் செய்த குட்டி இஞ்சின்களைத் தேடிப் பிடித்து ஓட வைப்பது. ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். உள்ளே பிஸ்டன், சிலிண்டர், கனெக்டிங் ராடு என்று லாரி இஞ்சினில் உள்ளதெல்லாம் இருக்கும். முன்னால் உள்ள காற்றாடியை விரலால் சுண்டினால் பிடித்துக்கொண்டு அலறும். என்னிடம் இருபதுக்கு மேல் இருக்கின்றன. இந்த ஜில்லாவில் இதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று ஒரு நினைப்பும் இருந்தது. அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கடை வாடிக்கையாளர் ஒருவர் மூலமாக ஒரு டீச்சர் எனக்குப் போன் செய்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், வயது எழுபத்தாறு. “சின்ன விமான இஞ்சின் ஓட்டுறவங்க நீங்கதானா? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க” என்றார். அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, துணியை விலக்கிக் காட்டினார். அருமையான இஞ்சின். ஆனால் காற்றாடி அசையவில்லை. இந்த இஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றுவார்கள். ஓட்டாமல் வைத்திருந்தால் விளக்கெண்ணெய் உள்ளேயே வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். “எவ்வளவு நாளாச்சு டீச்சர் இது ஓடி?” என்று கேட்டேன். “அம்பது வருஷம் ஆகப் போகுது” என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் விமான மாடல் வகுப்பு நடத்த ஆள் இல்லையாம். கணக்கு டீச்சருக்குத்தான் கோணமெல்லாம் தெரியும் என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்து அவரே கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் நுனியில் விமானம் வட்டமடிக்கும். மற்ற நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று கூடவே சுற்ற வேண்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆறு வருடம் அப்படிச் சுற்றினாராம். கல்யாணத்தோடு அது நின்றுபோனது.

திரும்பும்போது அவருடைய மகன் வாசல் வரை கூட வந்தார். சென்னையில் வேலை பார்ப்பவர், மரியாதையான மனிதர். “அம்மா சொன்னதை ரொம்ப நம்பிராதீங்க அண்ணாச்சி” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இந்தக் கதையை அம்மா சொன்னதே இல்ல. இப்பத்தான் திடீர்னு சொல்லுதாங்க. போன மாசம் கேஸை அணைக்காம கோயிலுக்குப் போயிட்டாங்க. இஞ்சின் பள்ளிக்கூடத்துச் சாமானா இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால வீட்டைப் பூட்டிட்டு அங்கன கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்.” அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. டீச்சருக்குக் காப்பித் தம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது.

டீச்சர் காதில் இதெல்லாம் விழுந்திருக்க வேண்டும். வாசலுக்கே வந்துவிட்டார். “எனக்கு மறதி இருக்கு தம்பி, இல்லைங்கல. ஆனா நடக்காததை நடந்ததாச் சொல்லுத ஆளு நான் இல்ல. நீங்க இதை ஓடுத நிலைக்குக் கொண்டாங்க. ஸ்டார்ட் பண்ணுதது என் வேலை.”

ரெண்டே வாரம் டீச்சர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இட்லிக் கொப்பரையில் வைத்து அந்த இஞ்சினுக்கு ஆவி காட்டினேன். “இதுக்குச் சாம்பாரா, சட்னியா?” என்று கேட்டாள் மனைவி. பிறகு தின்னரில் ஊறப்போட்டு, திரும்ப ஆவி காட்டி, மூன்றாம் நாள் காற்றாடி பைய அசைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓட வைத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராதே. பலகையில் முடுக்கி, எரிபொருள் ஊற்றி அரைமணி நேரம் சுண்டினேன். பிடிக்கவில்லை. விரல் வீங்கியதுதான் மிச்சம். எனக்குக் கோபம் வந்தால் மூளை கடையைச் சாத்திவிடும். டிரில்லிங் மிஷினை எடுத்துக் காற்றாடியின் நட்டில் மாட்டி ஒரே அழுத்து. உள்ளே எரிபொருள் அளவுக்கு மீறி நிரம்பியிருந்திருக்கிறது. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. கையால் சுற்றினால் முட்டுவது தெரியும், நிறுத்திவிடுவோம். டிரில்லுக்கு அந்த அறிவு கிடையாது. டொக்கென்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளைந்து, பிஸ்டன் கீறல் விட்டிருந்தது.

இருபத்தைந்து வருட அனுபவம் என்று பீற்றிக்கொண்டவன், முதல் நாள் பழகுகிறவன்கூடச் செய்யாத தப்பைச் செய்தேன். உதிரிப்பாகம் உலகத்தில் எங்கும் கிடைக்காது. அப்போதுதான் என் பீரோ ஞாபகம் வந்தது. அதே அச்சில் செய்த இன்னொரு இஞ்சின் என்னிடம் இருந்தது, நன்றாக ஓடக்கூடியது. அதைத் துடைத்து அந்த பிஸ்கட் டின்னிலேயே வைத்தேன். ஐம்பது வருடம் கழித்து யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது? அவருக்கு வேண்டியது ஓடுகிற இஞ்சின்தானே என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுப் பின்வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் இஞ்சினைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு காற்றாடியை ஒரு விரலால் பைய ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. கண்ணைத் திறந்தார்.

“இது என் இஞ்சின் இல்ல தம்பி.”

“என்னோடதுல பிஸ்டன் மேல ஏறி முடியுத இடத்துல சின்னதா ஒரு தயக்கம் இருக்கும். இதுல அது இல்ல.”

மகன் என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று கேட்கிற பார்வை. அதில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் என் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் விரலையே பார்த்தார். “ஒருவேளை எனக்குத்தான் மறந்துட்டோ என்னவோ” என்றார். அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. தன் மூளையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்த ஒரு மனுஷியின் குரல் அது. அப்படி ஆக்கியது நான்.

ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அப்புறம்தான் எனக்குப் பேச்சு வந்தது. “டீச்சர் சொல்லுததுதான் சரி. உங்க இஞ்சினை நான் உடைச்சிட்டேன். இது என்னோடது” என்றேன். மகனைப் பார்த்து, “அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. புத்தி பிசகுனது எனக்குத்தான்” என்றும் சொன்னேன்.

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். “உடைஞ்சா உடைஞ்சிட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே. நல்லவேளை, உடைஞ்சது இஞ்சின்தான், என் தலை இல்ல” என்றார். மகன் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்னும் அவர் முழுதாக நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. விரல் அடையாளம் கண்டது வேறு, விமானம் விட்டது வேறு.

மறுநாள் உடைந்த இஞ்சினை எடுத்துக்கொண்டு பேட்டைக்கு ஓடினேன். டிராக்டர், லாரிகளின் டீசல் பம்புகளைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்று அங்கே இருக்கிறது. நடத்துவது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். டீசல் பம்புக்குள்ளும் இதே மாதிரி இழை பிசகாத பொருத்தம் வேண்டும் என்பதால்தான் அவரைத் தேடிப் போனேன். அவர் இப்படி ஒரு இஞ்சினைப் பார்த்ததே இல்லை. சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பழைய பிஸ்டனை எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டு, முழுதும் தள்ளிப் பார்த்தார்.

“மேல போகப்போக இறுகுது அண்ணாச்சி. தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க. நடுவுல லேசா ஓடணும், உச்சியில காத்து கசியப்பிடாது. அதுக்குத்தான்.”

டீச்சர் சொன்ன தயக்கம்! இதைப் புத்தகத்தில் நான் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். கையால் உணர்ந்ததில்லை. என் பீரோவில் இருந்ததிலோ ஓடி ஓடி அந்த இறுக்கம் தேய்ந்துபோயிருந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கண்டார், இன்னொருவர் முதல் தடவையிலேயே கண்டார்.

அவர் வார்ப்பிரும்பில் புதிய பிஸ்டன் கடைந்தார், ராடும் செய்தார். பிறகு இரும்பை அராவுகிற பசை தடவிச் சிலிண்டருக்குப் பொருந்தத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் தேய்ப்பார், கழுவுவார், நுழைத்துப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். “ஏம்மா நிறுத்திட்ட?” என்று பறந்தேன். “என் கைச்சூட்டுல அளவு மாறிட்டு. ஆறட்டும்” என்றார். உள்ளங்கைச் சூட்டில் இரும்பு பருக்கிறது, அதைக் கை கண்டுபிடிக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இப்படி நாலு சாயங்காலம். ஐந்தாம் நாள் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் மேலே ஏற்றி, மேல்வாயைப் பெருவிரலால் அடைத்து நிமிர்த்திப் பிடித்தார். பிஸ்டன் விழவில்லை, அந்தரத்தில் நின்றது. விரலை எடுத்தார். பையப் பைய இறங்கியது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“ஓடுதப்போ நானும் வந்து பாப்பேன்” என்றார். கூலியென்று வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் அதே பின்வாசலில் நின்றோம், மகனோடு. டீச்சர் கண்ணை மூடிக் காற்றாடியைச் சுற்றினார். “பிஸ்டன் புதுசு. ஆனா தயக்கம் அப்படியே இருக்கு. யாரு செஞ்சது?” என்று கேட்டார். பட்டறைப் பெண் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதைப் போல.

டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். காற்று நுழையும் துளையை விரலால் மூடி இரண்டு சுற்று. இஞ்சின் தலையில் இருந்த அழுத்தத் திருகில் கால் திருப்பு. சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒரு தும்மல் மட்டும் வந்தது. என் கை தானாக முன்னே போயிற்று. “சும்மா நில்லுங்க” என்றார், வகுப்பில் அதட்டுகிற குரலில். காதைக் கிட்டே கொண்டுபோய்த் திருகை மயிரிழை தளர்த்தினார். மூன்றாவது சுண்டு.

பிடித்துக்கொண்டது. தெருவே அதிரும்படி ஒரு அலறல். டீச்சர் கையை எடுக்கவில்லை. சுற்றுகிற காற்றாடிக்குப் பின்னால் விரலைக் கொடுத்து, எரிபொருள் அளவைக் குறைக்கும் ஊசியைக் கொஞ்சம் மூடி, திருகை இறுக்கி, அந்தச் சத்தத்தைப் படிப்படியாக மேலே ஏற்றினார். கரகரப்பு போய் ஒரே சீரான ஸ்வரமாக நின்றது. விளக்கெண்ணெய்ப் புகை எல்லோர் மேலும் படிந்தது. தம்ளர் பிடித்தால் ஆடுகிற அந்தக் கை துளி ஆடவில்லை. என் இருபது இஞ்சின்களில் ஒன்றைக்கூட நான் அப்படிப் பாட வைத்ததில்லை.

எரிபொருள் தீர்ந்து நின்றபோது காதில் ரீங்காரம் மட்டும் இருந்தது. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த விமானம் எங்கம்மா?” என்று கேட்டார். “கரையான் தின்னுட்டு ஐயா” என்றார் டீச்சர்.

டீச்சர் சென்னைக்குப் போகவில்லை. மறந்தால் தானே அணைகிற அடுப்பு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, மகன்தான் மாதம் ஒருமுறை வந்து போகிறார். நானும் பட்டறைக்கார அம்மாவும் சில ஞாயிறுகளில் இஞ்சின் ஓட்ட அங்கே போவோம். ஸ்டார்ட் பண்ணுவது டீச்சர்தான். இஞ்சினைச் சரிசெய்ய ஆள் கிடைத்துவிட்டார், நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தைச் சரிசெய்ய ஆள் கிடையாது. இப்போதெல்லாம் உண்மையைச் சொல்ல நாக்கு தயங்கும்போது, தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்ற டீச்சர் கண்முன் வருவார், நான் பேசிவிடுகிறேன்.