தாழ்ப்பாள் போடும் வக்கீலம்மா

காரில் ஏறுவதற்கு முன் ஹெர்மெலிண்டா சால்செதோ அதை ஒருமுறை சுற்றி வருவார். பின்பக்கம் வந்ததும் குனிந்து அடியில் பார்ப்பார். பிறகு பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பருத்த உடம்பு, மூட்டுவலி வேறு. குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். "பாத்தாச்சா வக்கீலம்மா? பாம் எதுவும் இல்லையே?" என்று டிரைவர் எலியோதோரோ ஒருநாள் கிண்டல் செய்தான். "இல்லப்பா. இருந்தா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன். சாவியைத் திருப்புற ஆளு நீதானே" என்றார் அவர். அன்றிலிருந்து எலியோதோரோவும் கூடவே குனிகிறான்.

டயர் விஷயம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. சுரங்கக் கம்பெனி மேல் வழக்குப் போட்ட புதிதில், காலைச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். நல்ல மரியாதையான ஆண் குரல். "வக்கீலம்மா, இன்னைக்கு மலைப்பாதைல போறீங்கல்ல? பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. பாத்துப் போங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டான். கீழே இறங்கிப் பார்த்தால் உண்மையிலேயே காற்று கம்மி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அக்கறையாகப் பேசினானே, அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது என்பார்.

பயத்தை மறைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கேட்டால் சந்தையில் காய் விலை சொல்கிற மாதிரி சொல்லிவிடுவார். "நான் சரியான பயந்தாங்கொள்ளி. தைரியமான வக்கீலுங்க எல்லார் சாவுக்கும் நான்தான் போய்ட்டு வந்திருக்கேன்." சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். ஒரே கடைக்கு அடுத்தடுத்த நாள் போகமாட்டார். கையிலுள்ள தோல்பை கழிப்பறைக்குக்கூடக் கூடவே போகும். அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். பயம் ஏறும்போது கோட்டுப் பையிலிருந்து வறுத்த சோளத்தை எடுத்து மென்றுகொண்டே இருப்பார். கடகடவென்று சத்தம் கூடினால் எலியோதோரோ தானாகவே வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பான்.

இத்தனைக்கும் அவர் தொழில் தொடங்கியது கம்பெனிகளின் பக்கத்தில். தலைநகர் லிமாவில் கண்ணாடிக் கட்டடத்தில் அலுவலகம். சிமெண்ட் தாமதமாக வந்தது, கப்பலில் ஏற்றிய செம்பு எடை குறைந்தது, இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான் என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனி மேல் போடுகிற வழக்குகள். அங்கே கற்ற வித்தையைத்தான் இப்போது மலைமேல் இருக்கிற கொல்பாபம்பா ஊருக்காகப் பயன்படுத்துகிறார். "மனித உரிமைன்னு சொல்லிப் பாருங்க, கம்பெனிக்காரன் கொட்டாவி விடுவான். பொறுப்பு, நஷ்டம், பங்கு விலைன்னு சொல்லுங்க, நிமிந்து உக்காருவான். அவனுக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த எடத்துக்கு ஒத்தடம் குடுத்தவதானே நான்!"

கொல்பாபம்பாவின் ஓடை சுரங்கம் வந்தபின் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. கன்றுகள் செத்தன. ஊர் போய்ச் சாலையை மறித்தது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். பிடிபட்டவர்களைச் சுரங்க முகாமின் கொட்டகையிலேயே அடைத்து வைத்து அடித்தார்கள். அதற்காக ஊரே சேர்ந்து போட்ட ஒரே வழக்கு இது. சுரங்கத்தின் தாய்க் கம்பெனி இருக்கிற நாட்டில், கடலுக்கு அப்பால் நடக்கிறது. கம்பெனியின் பதில் ஒரே வரி: போலீஸ் தானாக வந்தது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த ஒரு வரியை உடைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். மேட்டில், கம்பளிக்காக வளர்க்கிற அல்பாக்கா மந்தையை மேய்க்கிற மர்சியால் ஹுவில்கா. அன்று மந்தையோடு உச்சியில் நின்றிருந்தவர், கம்பெனி லாரிகள் போலீஸை ஏற்றி வந்து இறக்கியதையும், முகாம் வாசலைத் திறந்து வழிகாட்டிய கம்பெனி அதிகாரி யார் என்பதையும் பார்த்திருக்கிறார். மர்சியாலின் பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஹெர்மெலிண்டா அந்த வெளிநாட்டு நீதிபதியிடம் மாதக்கணக்கில் மன்றாடி, அந்தச் சாட்சியின் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது என்று உத்தரவு வாங்கினார். வழக்கில் அவருக்குப் பெயர் இல்லை, ஓர் எழுத்துதான். தன் வாழ்க்கையில் வாங்கிய உத்தரவுகளிலேயே அதுதான் தனக்குப் பிடித்தது என்பார். இனி மர்சியாலை உட்கார வைத்து வாக்குமூலம் பதிவு செய்வதுதான் பாக்கி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதற்காகப் புறப்பட்டார்.

போகிற வழியில் எலியோதோரோ மாகாண வானொலியைப் போட்டான். மலைமேல் கைப்பேசி எடுக்காது. அதனால் யார் யாருக்கு என்ன சொல்லவேண்டுமோ அதை வானொலி வாசிக்கும். அன்றும் வாசித்தது. குஸ்கோவுக்குப் போன மகன் பத்திரமாகச் சேர்ந்துவிட்டான். இன்னாருடைய மாமியாருக்கு உடம்பு மோசம், உடனே வரவும். அடுத்தது இப்படி வந்தது: "மேட்டில் அல்பாக்காவோடு இருக்கும் கொல்பாபம்பா மர்சியால் ஹுவில்காவுக்கு, மனைவி அசுந்தா சொல்வது. செவ்வாய்க்கிழமை கட்டாயம் இறங்கி வரவும். வெளிநாட்டுக் கோர்ட்டுக்கு நீங்கள் சாட்சி சொல்வதைப் பதிவு செய்ய வக்கீலம்மா வருகிறார். நல்ல தொப்பியை எடுத்து வரவும். ஞாயிறு முதல் சொல்லிவரும் இச்செய்தி இன்று கடைசி முறை."

சோளம் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. எலியோதோரோ கண்ணாடியில் பார்த்தான். வக்கீலம்மா வாயில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். ஞாயிறு முதல் மாகாணமே கேட்டிருக்கிறது. சுரங்க முகாமின் காவல் அறையிலும் அதே வானொலிதான் பாடிக்கொண்டிருக்கும்.

"வண்டியைத் திருப்பட்டுமா வக்கீலம்மா?"

"வேணாம்ப்பா. வேகமாப் போ."

அவர் வாயிலிருந்து வேகமாகப் போ என்று எலியோதோரோ கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊரில் மர்சியால் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கியிருக்கவேண்டிய மனிதர். குதிரையில் தேடிப்போன இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை. விடியும்போது ஒரு வெள்ளை வண்டி மேட்டுப் பாதையில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு பெண் சொன்னாள். அசுந்தா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு அவித்து, துணியில் மூடி வைத்திருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேனே, அசுந்தா."

"யார்கிட்டயும் சொல்லலையேம்மா! எங்கூடப் பொறந்தவகிட்டகூட மூச்சு விடல. ரேடியோலதான் சொன்னேன்."

வக்கீலம்மா திரும்பித் தன் காரைப் பார்த்தார்.

"பின்ன எப்படிம்மா அவருக்குத் தெரியும்? எம் புள்ள பொறந்ததையே ரேடியோலதான் சொன்னோம். கேட்டுட்டு ஓடியாந்தாரு." சொல்லச் சொல்லவே அசுந்தாவின் முகம் மாறியது. என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அம்மா... அவங்களும் கேட்டிருப்பாங்களாம்மா?"

அவளைத் திட்டத் தெரியாமல் ஹெர்மெலிண்டா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். யாரைத் திட்டுவது? நீதிபதி, எதிர்த்தரப்பு, தபால், கம்ப்யூட்டர் என்று எல்லா வாயையும் அடைத்தவருக்கு, தினமும் தன் காரிலேயே கத்துகிற வானொலி நினைவுக்கு வரவில்லை. தனக்காகப் படுகிற பயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார். இது வேறு பயம், இதற்குச் சோளம் உதவாது.

ஊர்க்கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது, எல்லோரும் வந்தாயிற்று. கூடத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல வக்கீலம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். முன்பு அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அவர்தான் நகரத்தில் வாங்கி வந்து, பக்கத்தில் நின்று அடிக்க வைத்தார். "வக்கீலம்மா வந்தா காத்துகூட அனுமதி கேட்டுத்தான் உள்ள வரணும்" என்று ஊரில் கேலி உண்டு. அன்று யாரும் கேலி செய்யவில்லை. கதவைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். தலைவர் தியோடோசியோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

அங்கே கூட்டம் என்றால் முதலில் பெயர் கூப்பிடுவது. கூப்பிட்டவர் "இருக்கேன்" என்பார். வராதவருக்கும் தாமதமாக வருபவருக்கும் அபராதம். சுடப்பட்டுச் செத்த இருவரின் பெயரும் இன்றுவரை கூப்பிடப்படுகிறது. அப்போது மட்டும் ஊரே ஒரே குரலில் "இருக்காரு!" என்று கத்தும். முதன்முதலில் கேட்டபோது, செத்தவர் எப்படி வாதி ஆகமுடியும் என்று சட்டச் சிக்கலைத்தான் யோசித்தார் வக்கீலம்மா. இப்போது ஒவ்வொரு முறையும் அவருக்குக் கண் கலங்கும்.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. செத்தவர் பெயர் வந்தது. "இருக்காரு!" கூரைத் தகரம் அதிர்ந்தது. இன்னும் சில பெயர்கள் போயின.

"மர்சியால் ஹுவில்கா."

பதில் இல்லை. ஓர் இருமல்கூட இல்லை. தியோடோசியோ மறுபடியும் கூப்பிட்டார், குரல் இறங்கிப்போயிருந்தது. பின்வரிசையில் யாரோ மெல்ல எழுந்து நின்றார். பிறகு பக்கத்தில் ஒருவர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக எல்லோரும் மூச்சை இழுப்பது ஹெர்மெலிண்டாவுக்குக் கேட்டது. சொல்லிவிட்டால் மர்சியாலும் செத்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அசுந்தா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெளியாட்கள் ஊர்க்கூட்டத்தில் அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. இத்தனை காலத்தில் வக்கீலம்மா அதை மீறியதே இல்லை. சட்டென்று எழுந்தார்.

"தாமதம்!" கத்திவிட்டார். "அவரு வரத் தாமதமாகுது. தாமதம்னு போடுங்க. அபராதம் போடுங்க. வந்து கட்டுவாரு."

தியோடோசியோ நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "வக்கீலம்மா, உங்களுக்குப் பேச அனுமதி குடுக்கல" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மர்சியால் ஹுவில்கா, தாமதம். அபராதம் உண்டு. உக்காருங்கப்பா எல்லாரும்."

நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த பெயர் கூப்பிடப்பட்டது. "இருக்கேன்" என்று ஒரு நடுங்கும் குரல்.

ஹெர்மெலிண்டா உட்காரவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய், தானே அடிக்கச் சொன்ன தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தார். மேட்டுக் காற்று குப்பென்று உள்ளே வந்தது. வெளியே மலைப்பாதை காலியாகக் கிடந்தது. கதவு காற்றில் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவர் மணிக்கட்டிலிருந்து வாரைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி, கீழே குனிந்து, அந்தத் தோல்பையைக் கதவுக்கு அணையாக வைத்தார்.