இடம் வலமாகிய டிரம்ஸ்

மானிப்பாயில் எங்கள் சபைக்கு டிரம்ஸ் அடிக்க ஆளில்லாமல் போனதால், நாற்பது வயதில் நான் இணையக் காணொளிகளைப் பார்த்து கொஸ்பல் என்னும் கிறிஸ்தவ இசைப் பாணியில் அடிக்கப் பழகத் தொடங்கினேன். வலக்கைக் குச்சியை உள்ளங்கை மேலே தெரியப் பிடிப்பதுதான் கடினம். ஒரு மாதம் தலையணையில் அடித்துப் பழகினேன்.

ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, திரையில் டிரம்ஸ் அடித்துக் காட்டியவரை உற்றுப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உவரின்ரை சட்டையிலை எழுத்தெல்லாம் கண்ணாடியிலை தெரியிற மாதிரிக் கிடக்கு. உவர் அப்பிடிப் பிடிக்கிறது இடக்கையாலையெல்லோ?"

"ஓம்... காணொளி இடம் வலமா மாறிக் கிடக்கு. அப்ப ஒரு மாதம் வீணாப் போச்சு" என்றேன்.

"ஏன் வீண்? கை பழகீட்டுதுதானே."

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்பே போய், இருவருமாக டிரம்ஸ் முழுவதையும் என் கைப்பழக்கத்துக்கு ஏற்ப இடம் வலமாக மாற்றி வைத்தோம். பிறகு அவள் பாடகர் குழுவில் போய் நின்றாள். இரண்டாம் பாட்டில் நான் பதற்றத்தில் வேகமெடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் வேகமாகப் பாடினாள்.