அடுப்பில் வைத்த கடல் கல்

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் சிரிக்கிறார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம். மகள் படிப்புக்காக மெல்பர்ன் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முதலில் செடி வளர்த்தார், பிறகு ரொட்டி சுட்டார், அதுவும் அலுத்துப்போய்க் கடல் மீன் தொட்டி வைக்கிறேன் என்று ஆரம்பித்தார். இது கப்பி மீன் வளர்ப்பது மாதிரி இல்லை. குழாய்த் தண்ணீர் ஆகாது, வடிகட்டிய தண்ணீர்தான் வேண்டும். அதில் கலக்கும் உப்பைத் தனியாக விற்கிறார்கள். என் சமையல் உப்பு எதற்கும் லாயக்கில்லையாம். உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவி, அலையடிக்க ஒரு மோட்டார், அழுக்கை நுரையாக்கித் தள்ள இன்னொன்று. எல்லாம் வாங்கி வைத்தாலும் உடனே மீன் விட முடியாது, தண்ணீர் பக்குவமாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். ரயில் வர மூன்று நிமிடம் என்றாலே முணுமுணுக்கிற மனிதருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

தொட்டிக்கு முக்கியம் கல்தான் என்றார். உயிருள்ள கல் என்று அதற்குப் பெயர். பவளப்பாறைத் துண்டு. அதன் ஓட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம். கடையில் விலை அதிகம் என்பதால் இணையத்தில் தேடினார். ஈசூன் வட்டாரத்தில் ஒருவர் தன் தொட்டியைக் கலைத்துவிட்டுக் கல்லை மட்டும் விற்பதாகப் போட்டிருந்தார். இரண்டு பேரும் வாளியோடு கிளம்பிப் போனோம்.

அவர் தமிழ் முஸ்லிம். எங்களைவிடக் கொஞ்சம் இளையவர். சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார். சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன, லாரிக்காரர் கீழேயிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அவசரத்திலும் ஒவ்வொரு கல்லையும் ஈரமான செய்தித்தாளில் சுற்றி வாளியில் அடுக்கினார். கல்லின் மேல் பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில், வழவழவென்று ஏதோ கூட்டமாக ஒட்டியிருந்தது. என்ன இது என்று என் கணவர் கேட்டார்.

"அதுவும் ஒரு பவளம்தான் அண்ணே. லைட்டு போட்டா பூ மாதிரி விரியும் லா, பாருங்க."

மறுநாளிலிருந்து அவரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. கல் எப்படி இருக்கிறது, தண்ணீர் மாற்றினீர்களா, பொத்தான் விரிந்ததா என்று. விற்ற பொருளை இப்படி விசாரிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தினமும் சம்பந்தி வீட்டுக்குப் போன் போடுகிறவர் மாதிரி இருக்கிறார் என்று கேலி செய்வேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தொந்தரவாகவும் இருந்தது.

தொட்டியை வைக்க வேண்டிய மேசை வந்து சேரவில்லை. கல் வாளியிலேயே கிடந்தது. ஒருநாள் என் கணவர் அதையெல்லாம் வெளியே எடுத்து, கூடத்தில் செய்தித்தாளை விரித்து, தொட்டிக்குள் எப்படி அடுக்குவது என்று ஒத்திகை பார்த்தார். சுவர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார், சரிந்துவிடும். மறுபடியும் வைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. நவராத்திரிக்கு ஆண்டுதோறும் கொலு வைக்கிறவள் நான். படிக்குப் பக்கத்தில் மலையும் பூங்காவும் அமைத்துப் பழக்கம். பெரிய கல்லைப் பின்னால் சாய்த்து, ஓட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள், நடுவில் வழி விடுங்கள், மீன் போய் வர வேண்டாமா என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் சொன்னபடி வைத்தார். நின்றது. அவர் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, அவள் பதில் போட்டு, இவர் திரும்ப மாற்றி அடுக்கி, சாயங்காலம் வரை கல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் வாளிக்குத் திரும்பியது.

இரண்டு நாளில் நாற்றம் ஆரம்பித்தது. செத்த கடலின் நாற்றம். வியாழக்கிழமை பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நான் வீட்டைத் துடைத்து, பூ வாங்கி வைத்து, விளக்கேற்றுகிற நாள். எங்கள் வீட்டில் மீன் வாடையே வந்ததில்லை.

"சாமி கும்பிடற வீட்ல இந்த நாத்தம் வேணாங்க. ஒண்ணு அத சரி பண்ணுங்க, இல்ல தூக்கிப் போட்டுடுங்க" என்றேன்.

அவர் எங்கேயோ ஒரு காணொளி பார்த்திருந்தார். கெட்டுப்போன கல்லை வெந்நீரில் கொதிக்க வைத்து, தேய்த்துக் கழுவி, முதலிலிருந்து தொடங்கலாம் என்று அதில் ஒருவர் சொன்னாராம். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எதையும் கொதிக்கிற தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்கிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். தேக்கா சந்தையில் வாங்கிய பெரிய அலுமினியப் பானையை நானே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்ப் பெண்மணி இருக்கிறார். நாங்கள் சைவம் என்று அவருக்குத் தெரியும். பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கிற நாளில் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டு, தன் சமையலறை ஜன்னலை எல்லாம் மூடிக்கொள்வார். அந்தப் புழுக்கத்தில் நின்று வறுப்பார். நாங்கள் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு எங்கள் கல் நாற்றம் போகலாமா? நான் சமையலறை ஜன்னல்களை இழுத்துச் சாத்தினேன். துணி காயப்போடும் இடத்து ஜன்னலையும் சாத்தினேன். கூடத்துப் பக்கம் வராமலிருக்கச் சமையலறைக் கதவையும் மூடி, கீழ் இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். உள்ளே என் கணவர், கொதிக்கிற பானை, பழைய பிரஷ். மிகுந்த கவனத்தோடுதான் எல்லாவற்றையும் செய்தேன்.

கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். நாணயத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு கசப்பு. பிளாஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே அவர் இருமினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இருமினார், இந்தத் தடவை நீளமாக. கோவிட் சோதனை செய்து பாருங்கள் என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். ஆவி மூக்கில் ஏறிவிட்டது, வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது.

அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. ஈசூன்காரர். எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கல் வீட்டையே நாறடித்துவிட்டது என்று சொல்லலாமே என்று தோன்றியதால் எடுத்தேன்.

தொழுகை முடிந்து வந்து பெட்டியைப் பிரித்தாராம். கல்லை ஒட்டுகிற பசை ஒரு டியூப் இருக்கிறதாம், கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். பிறகு வழக்கம்போல, கல் எப்படி இருக்கிறது என்றார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்றேன்.

 

"அக்கா, உடனே அடுப்ப ஆஃப் பண்ணுங்க. அண்ணன வெளிய இழுத்துட்டு வாங்க. ஜன்னல தொறந்து விட்டுட்டு ரெண்டு பேரும் வீட்ட விட்டு வெளிய போயிடுங்க. அந்தப் பட்டன்ல விஷம் இருக்கு. கொதிக்க வெச்சா ஆவியில வரும்" என்றார். குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தால்தான் நான் கேள்வி கேட்கவில்லை. துண்டை உதைத்துத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். புகைமூட்டம் மாதிரி ஆவி. அதற்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி மங்கிப்போய், அவர் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரும்மா, இன்னும் ஒரு கல்லுதான்" என்றார்.

எழுந்து நின்றபோது அவருக்குக் கால் நடுங்கியது. நாக்கு மரத்த மாதிரி இருக்கிறது என்றார். எப்படியோ நடைபாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி நாற்காலி கொண்டுவந்து போட்டார். இவ்வளவு ஆவியிலும் ஜன்னலை ஏன் மூடி வைத்தீர்கள் என்று கேட்டார். உங்களுக்கு நாற்றம் வரக்கூடாது என்றுதான் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. என் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கணவரின் போனில் ஈசூன்காரர் இன்னும் இணைப்பில் இருந்தார்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் காய்ச்சல் வந்து அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். இளம் மருத்துவர் ஒருவர் முதலில் கோவிட் என்றுதான் நினைத்தார். மீன் தொட்டிக் கல்லை வேகவைத்தோம் என்று நான் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஈசூன்காரரைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். ஈசூன்காரர் அந்த விஷத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அவருடைய பார்வை மாறியிருந்தது. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, பிராணவாயு கொடுத்து நுரையீரல் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் முடியும் என்றார். அந்த மூடிய அறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் வேறு விதமாகப் பேச வேண்டியிருந்திருக்கும் என்பதையும் சொன்னார். எனக்கு ஒரு ஊசியும் ஒரு மாத்திரையுமாகப் போயிற்று. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் முகத்தில் கட்டியிருந்த கவசம் மங்கும், தெளியும். மங்கினால் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். தெளிகிற ஒவ்வொரு தடவையும் இனி மங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கும் மேல் கூட வாழ்ந்த மனிதரை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஈசூன்காரர் வந்தார். கையில் பழப்பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்கா. லாரிக்காரன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

அவரைச் சமாதானப்படுத்த எனக்கு அப்போது தெம்பில்லை. பரவாயில்லை பாய், நீங்கள் போன் செய்தீர்களே என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவரே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தேன். கல், பானை, பிரஷ், முக்காலி வரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, சமையலறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

சில நாளில் என் கணவர் வீடு திரும்பினார். இருமல் அடங்க வாரங்கள் ஆயின. தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஈசூன்காரருக்குப் போன் போட்டேன். உயிரில்லாத, காய்ந்த வெள்ளைக் கல்லாகக் கொண்டுவந்தார். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, மூன்று பேருமாக அடுக்கினோம். மெதுவாகத்தான் தண்ணீர் பக்குவமானது. இப்போது ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள் அந்த ஓட்டைக்குள் போய் வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் பெரிய பிரியமும் இல்லை, கோபமும் இல்லை.

என் கணவருக்குக் குறட்டைப் பழக்கம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து இடித்து இடித்துப் புரண்டு படுக்க வைத்தவள் நான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இடிப்பதில்லை. அவர் மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது என்று யாரோ எனக்குச் சத்தம் போட்டுச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கேட்டபடியே தூங்கிப்போகிறேன்.